படகின் இஞ்சின் பலகையும் தேய்ந்த சுவிட்சுகளும்

கடலோர ஊராட்சிகளுக்குச் சுற்றுப்பயணம் செல்லும்பொழுதெல்லாம் நம் கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. கரையோரம் கட்டி நிற்கும் பழைய விசைப்படகு ஒன்றில் ஏறிச் சுக்கான் அறைக்குள் நுழைந்தால், ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இஞ்சின் பலகை இருக்கும். அதன் விளக்குகளில் பாதி எரிவதில்லை. சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி உப்புப் பூத்திருக்கும். சில படகுகளில் சாவியே இராது. அவ்விடத்திலிருந்து இரண்டு ஒயர்கள் வெளியே தொங்கும். அவற்றின் நுனிகளை ஒன்றோடொன்று உரசி இஞ்சினை எழுப்புவார்கள். “எத்தனை நாளாக இப்படி?” என்று கேட்டால், “ஓடுகிறவரை ஓடட்டும், ஐயா” என்னும் விடையே வரும்.

ஓடுகிறவரை ஓடும் என்பது உண்மைதான். எந்த இடத்தில் ஓடாமற்போகும் என்பதே கேள்வி. கரையில் நின்றால் கவலையில்லை. கடலில் நின்றால் அதில் இருப்போரின் கதி என்ன? சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சுவிட்சு, பல இலட்சம் மதிப்புள்ள படகையும், அதைவிட மேலான மனித உயிர்களையும் நடுக்கடலில் நிறுத்திவிடக்கூடும். ஆகவேதான் இச்சிறு பொருளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத முற்பட்டோம். இது மீனவருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. டிராக்டர் வைத்திருக்கும் உழவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

நாம் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சி

நமது ஒன்றியத்தைச் சேர்ந்த கடலோர ஊராட்சி ஒன்றில் ஒரு படகு உண்டு. பதினைந்து ஆண்டுகள் பழகிய படகு; இஞ்சினுக்கு வயதானபோதிலும் நன்றாகப் பேணப்பட்டது. ஐப்பசி மாதத்து இரவு ஒன்றில் அதில் ஐவர் சென்றனர். வலையை ஏற்றிய பின்னர் நங்கூரமிட்டு, இஞ்சினை நிறுத்திச் சற்று ஓய்வெடுத்தனர். காற்று வலுத்தது, நங்கூரம் பிடிப்பு விட்டு இழுபடலாயிற்று. ஓட்டுநர் விரைந்து சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்ற ஓர் ஒலி மட்டுமே கேட்டது, இஞ்சின் சுழலவில்லை. மீண்டும் மீண்டும் திருப்பினார், அதே ஒலிதான். விடியும்வரை படகு காற்றின் போக்கில் அசைந்து சென்றது. காலையில் அவ்வழியே வந்த மற்றொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. இரண்டு படகுகளின் டீசலும் வீண், மீனும் பாழாயிற்று. ஐவரும் உயிரோடு கரை சேர்ந்தனர் என்பதொன்றே ஆறுதல்.

பாட்டரி பழுதென்று கருதிய உரிமையாளர், புதிய பாட்டரி ஒன்றைக் கடனுக்கு வாங்கினார். மூன்று வாரம் படகு குறையின்றி ஓடியது. பின்னர் மறுபடியும் அதே ‘டக்’. இம்முறை செல்ப் மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி, செப்பனிட்டுப் பொருத்தினார். இரண்டு நடை கழிந்தபின் மீண்டும் அதே நிலை. பாக் நீரிணைக் கரையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களே கடலுக்குச் செல்லும் வழக்கம் உண்டு. அவற்றுள் ஒரு நாள் போனால் வாரத்து வருவாயில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. “படகை விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன், ஐயா” என்று அவர் நம்மிடம் கூறியபோது, அவர் முகத்தைப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை.

குறையைக் கண்டுபிடித்தவர் அவருடைய சகோதரி மகன். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று, டிராக்டர் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் இளைஞர். “மாமா, பாட்டரியையும் செல்பையும் விடுங்கள். சாவியின் முதுகைப் பார்ப்போம்” என்று கூறிப் பலகையைக் கழற்றினார். பின்புறத்துச் செம்பு முனைகள் பச்சைக் களிம்பேறிக் கிடந்தன. கையிலிருந்த மல்டிமீட்டரை அம்முனைகளின்மீது வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். கருவி 2.6 வோல்ட்டு காட்டியது. “பன்னிரண்டு வோல்ட்டில் இரண்டரைக்கு மேல் இங்கேயே போய்விடுகிறது. மிச்சத்தை வைத்துக்கொண்டு செல்ப் என்ன செய்யும்?” என்றார். அன்று மாலைக்குள் புதிய சுவிட்சு பொருத்தப்பட்டது. அதன்பின் அப்படகு அக்குறையால் ஒருநாளும் நின்றதில்லை.

இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றே: அளந்து பாராமல் எதையும் மாற்றாதீர்கள், அளந்து பார்க்கும்போது சிறிய பொருளிலிருந்து தொடங்குங்கள்.

பாய் இருந்த காலமும் இல்லாத காலமும்

நம் கரையோர வள்ளங்களும் தூத்துக்குடித் தோணிகளும் பாய் விரித்து ஓடிய காலம் ஒன்று இருந்தது. பின்னர் அவற்றிற் பலவற்றில் இஞ்சின் பொருத்தப்பட்டது. அவ்வாறு பொருத்திய தொடக்கத்தில் பாயும் உடன் இருந்தமையால், இஞ்சின் நின்றால் காற்று துணை செய்தது. இன்றைய விசைப்படகிலோ பாயும் இல்லை, பாய்மரமும் இல்லை. இஞ்சின் ஒன்றே கதி. அந்த இஞ்சினோ, அதை எழுப்பும் மின்சாரத்தைச் சார்ந்தது. அம்மின்சாரமோ ஒரு சாவியின் இரண்டு செம்பு முனைகளைச் சார்ந்தது. பெரிய படகின் பாதுகாப்பு எவ்வளவு சிறிய இடத்தில் அடங்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுவிட்சு ஏன் தேய்கிறது?

சுவிட்சு என்பது இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொடுவதும் விலகுவதுமான அமைப்பு. தொட்டால் மின்சாரம் ஓடும், விலகினால் நிற்கும். உள்ளிருக்கும் ஒரு சிறு ஸ்பிரிங் அவற்றை அழுத்திப் பிடிக்கிறது. காலப்போக்கில் மூன்று காரணங்களால் இது கெடுகிறது.

முதலாவது, உப்புக் காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்து செம்பின்மீது களிம்பை உண்டாக்குகின்றன. களிம்பு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. இரண்டாவது, ஸ்பிரிங்கின் தளர்ச்சி. அழுத்தம் குறைந்தால் முனைகள் முழுதும் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் தொடுகின்றன, அவ்விடம் சூடேறுகிறது. மூன்றாவது, தீப்பொறி. முனைகள் பிரியும் ஒவ்வொரு முறையும் அவற்றிடையே சிறு பொறி எழுந்து உலோகத்தைச் சிறிது சிறிதாக அரித்துக் குழிகளை உண்டாக்குகிறது.

இம்மூன்றாவது காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுதிசை மின்சாரம். அது நொடிக்கு 50 முறை அலைந்து, நொடிக்கு 100 முறை சுழிநிலையை அடைகிறது. ஆதலால் சுவிட்சில் எழும் பொறி உடனே அணைந்துவிடுகிறது. பாட்டரி தருவதோ ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம். அது சுழிநிலைக்கு வருவதில்லை. அதில் எழும் பொறி நீடிக்கிறது. இதனால்தான் வீட்டுச் சுவரில் பொருத்தும் சுவிட்சைப் படகின் பலகையில் பொருத்துவது தவறு. 240 வோல்ட்டுக்கு உரியது 12 வோல்ட்டைத் தாங்காதா என்று சிலர் கேட்பர். வோல்ட்டு குறைவெனினும் ஓட்டத்தின் இயல்பு வேறு. சுவிட்சு வாங்கும்போது, நேர்மின்சாரத்தில் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று குறிக்கப்பட்டிருப்பதையே பார்த்து வாங்க வேண்டும்.

களிம்பு செய்யும் கேடு

செல்ப் மோட்டார் இஞ்சினைச் சுழற்றும்போது பல நூறு ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அது முழுவதும் சாவியின் வழியே செல்வதில்லை. பாட்டரியிலிருந்து கனத்த கேபிள் நேரே செல்புக்குச் செல்கிறது. அக்கேபிளைச் சேர்க்கவும் பிரிக்கவும் சொலினாய்டு என்னும் மின்காந்தச் சுவிட்சு ஒன்று செல்பின்மீதே அமைந்திருக்கிறது. சாவி இயக்குவது அச்சொலினாய்டை மட்டுமே. ஆயினும் சொலினாய்டு முதலில் இழுபடும் கணத்தில் 20 ஆம்பியர் வரையிலோ அதற்கு மேலோ தேவைப்படலாம்.

இப்பொழுது சிறு கணக்கு. சாவியின் முனைகளில் களிம்பேறி 0.1 ஓம் மின்தடை உண்டாகிவிட்டது என்று கொள்வோம். 20 ஆம்பியர் அதன் வழியே ஓடும்போது 2 வோல்ட்டு அங்கேயே இழக்கப்படுகிறது. செல்ப் சுழலும்போது பாட்டரியின் அழுத்தமும் 10 வோல்ட்டுக்கு அருகில் இறங்கிவிடும். அதில் 2 வோல்ட்டு போனால் சொலினாய்டுக்கு எட்டுவது 8 வோல்ட்டே. அது முழு வலிமையோடு இழுக்க இயலாமல் ‘டக்’ என்று தட்டிவிட்டு நின்றுவிடுகிறது. புதிய பாட்டரி போட்டபின் சில நாள் ஓடியது ஏன் என்பதும் இதனால் விளங்கும். புதிய பாட்டரியின் மிகுதியான வலிமை சுவிட்சின் குறையைச் சிறிது காலம் மறைத்து வைக்கிறது, நோய் தீர்வதில்லை.

அளந்து பார்க்கும் முறை

இதற்கு வேண்டியது ஒரு மல்டிமீட்டரும், உதவிக்கு ஓர் ஆளும். கியர் நியூட்ரலில் இருப்பதை முதலில் உறுதி செய்துகொள்க. இஞ்சின் எழும்பிவிடாதபடி டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்து வைத்துக்கொள்க. இஞ்சினின் பட்டைகளுக்கும் பல்சக்கரத்துக்கும் அருகில் கையோ துண்டோ வேட்டி நுனியோ இராதபடி பார்த்துக்கொள்க.

மல்டிமீட்டரை நேர்மின்சாரம் 20 வோல்ட்டு அளவில் வைத்து, அதன் இரு முனைகளையும் சாவியின் பின்புறத்தில், மின்சாரம் உள்ளே வரும் முனையிலும் செல்புக்கு வெளியே செல்லும் முனையிலும் வைக்க வேண்டும். உதவியாளர் சாவியைத் திருப்பும்போது கருவி காட்டும் அளவே சுவிட்சு விழுங்கும் வோல்ட்டாகும். நல்ல சுவிட்சில் இது ஏறக்குறைய சுழியாக, 0.1 அல்லது 0.2 வோல்ட்டாக இருக்கும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஐயுறலாம். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுவிட்சை மாற்றிவிடுவதே நலம். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்பைச் சுழற்றலாகாது. அது சூடேறிக் கெடும். ஒவ்வொரு முறைக்கும் இடையே சற்று ஆறவிட வேண்டும்.

இதே முறையில் பியூஸ், இணைப்பு முனைகள், ஒயர்கள் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக அளக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் இஞ்சின் சுழலாவிடில் அப்போது பாட்டரியையும் செல்பையும் பார்க்கலாம். முதலில் விலை குறைந்ததைச் சோதிப்பது ஏழையின் பணத்தைக் காக்கும் வழி.

மாற்றும் முறை

முதல் வேலை பாட்டரியைப் பிரிப்பது. எப்பொழுதும் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். வேலை முடிந்தபின் அதனைக் கடைசியில் மாட்ட வேண்டும். அப்படிச் செய்தால் ஸ்பானர் தவறி இஞ்சினின் இரும்பில் பட்டாலும் பொறி எழாது. மின்னேறும் பாட்டரியிலிருந்து எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும் என்பதை மறக்கலாகாது. பாட்டரி இருக்கும் அறையைத் திறந்து காற்றோட்டம் வந்தபின்னரே வேலை தொடங்க வேண்டும்.

இரண்டாம் வேலை எழுதி வைப்பது. பலகையைக் கழற்றியதும் ஒயர்களைப் பிடுங்கிவிடாதீர்கள். எந்த நிற ஒயர் எந்த முனையில் இருக்கிறது என்பதைத் தாளில் படமாக வரைந்துகொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஒயரிலும் எண்ணிட்ட துண்டு ஒன்றைக் கட்டுங்கள். பழைய படகுகளில் பல கைகள் பட்டு ஒயர்களின் நிறம் மாறியிருக்கும்; நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். பல சாவிச் சுவிட்சுகளில் முனைகளுக்கு எண் குறித்திருப்பார்கள். 30 என்பது பாட்டரியிலிருந்து வரும் முனை. 15 என்பது சாவியைத் திறந்ததும் மின்சாரம் பெறும் முனை. 50 என்பது செல்புக்குச் செல்லும் முனை. புதிய சுவிட்சில் எண்கள் இருக்கும் இடம் மாறியிருக்கலாம். ஆகவே இடத்தைப் பாராமல் எண்ணைப் பார்த்துப் பொருத்த வேண்டும்.

மூன்றாம் வேலை சரியான சுவிட்சைத் தேர்வது. பலகையின் துளைக்குப் பொருந்தும் அளவு, நேர்மின்சாரத்தில் தாங்கும் ஆம்பியர், படகின் மின்னழுத்தம் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பது ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்க. பழைய சுவிட்சையே கையில் எடுத்துச் செல்வது இன்னும் நன்று. நீர் புகாதபடி ரப்பர் மூடியுள்ள சுவிட்சு கடலுக்கு ஏற்றது. ஐ.பி. 67 என்று குறித்திருந்தால் தூசு புகாது. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் செல்லாது என்பது பொருள்.

நான்காம் வேலை ஒயர்களின் நுனி. சுவிட்சு புதிதாக இருந்து ஒயர் நுனி களிம்பேறியிருந்தால் பயன் இல்லை. கறுத்த நுனியை, பளபளப்பான செம்பு தெரியும் வரையில் வெட்டிவிடுக. உள்ளே நெடுந்தூரம் கறுத்திருந்தால் ஒயரையே மாற்றுக. கடலுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிகள் நீடித்து உழைக்கும். ஒயரை முறுக்கி நாடா ஒட்டும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். தக்க லக்குகளை அதற்குரிய குறட்டால் நசுக்கிப் பிடித்து, சூடேற்றினால் சுருங்கும் குழாயால் மூட வேண்டும். முனைகளை இறுக்கியபின் மேலே சிறிது வாஸ்லின் தடவினால் ஈரம் அணுகாது. ஒயர் பலகையைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இல்லையேல் அதிர்ச்சியில் ஒயரின் தோல் உரிந்துவிடும். பலகைக்கு ஏறுமுன் ஒயரைச் சற்றுத் தாழ்வாக வளைத்துவிட்டால், வழிந்து வரும் நீர் அவ்வளைவிலிருந்து சொட்டிவிடும்; சுவிட்சுக்குள் செல்லாது. பலகைக்கு வரும் மின்சாரத்துக்குப் பாட்டரியின் அருகிலேயே பியூஸ் ஒன்று வேண்டும். அது இல்லாத படகில் ஓர் ஒயர் உரசினாலும் தீப்பிடிக்க இடமுண்டு.

சாவியின் சுமையைக் குறைத்தல்

சுவிட்சை மாற்றுவதோடு நின்றுவிடாமல், அது விரைவில் தேயாதபடி செய்யவும் வழி உண்டு. பாட்டரியும் செல்பும் இஞ்சின் அறையில் இருக்கின்றன; சாவியோ சுக்கான் அறையில். மின்சாரம் அங்கிருந்து மேலே வந்து, சாவி வழியாக மீண்டும் கீழே செல்ல வேண்டும். இவ்வாறு போய்வரும் தூரம் 10 மீட்டர் எனவும், ஒயரின் கனம் 1.5 சதுர மில்லிமீட்டர் எனவும் கொண்டால், 20 ஆம்பியர் ஓட்டத்தில் ஒயரிலேயே ஏறக்குறைய 2.3 வோல்ட்டு இழக்கப்படும். சுவிட்சு புதியதாயினும் இந்த இழப்பு போகாது.

இதற்கு மருந்து ரிலே என்னும் சிறு பொருள். அதனைச் செல்பின் அருகில் பொருத்தி, கனத்த ஒயர் ஒன்றைக் குறுகிய தூரத்தில் பாட்டரியிலிருந்து ரிலே வழியாகச் சொலினாய்டுக்குக் கொடுக்க வேண்டும். சாவி அந்த ரிலேயை மட்டும் இயக்கும். ரிலேக்கு ஓர் ஆம்பியரிலும் குறைந்த மின்சாரம் போதும். சாவியின் முனைகள் பொறியால் அரிக்கப்படுவது பெரிதும் குறையும். சொலினாய்டும் முழு அழுத்தத்தைப் பெறும். படகு 24 வோல்ட்டாயின் ரிலேயும் 24 வோல்ட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

எரியாத விளக்கும் ஒலியாத மணியும்

பலகையைத் திறந்த கையோடு விளக்குகளையும் எச்சரிக்கை மணியையும் பார்த்துவிட வேண்டும். இஞ்சின் நிற்கும் நிலையில் சாவியைத் திறந்தால் ஆயில் அழுத்த விளக்கு எரிய வேண்டும். மணி இருப்பின் ஒலிக்க வேண்டும். இஞ்சின் எழும்பியபின் அவை அணைய வேண்டும். முதலிலேயே எரியாத விளக்கு, ஆயில் வற்றிய நாளிலும் எரியப்போவதில்லை. மணியின் ஓசை தொல்லை என்று ஒயரைப் பிடுங்கிவிடுவோரும் உண்டு. அவர்கள் காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டு உறங்குவோரை ஒப்பர்.

சார்ஜ் விளக்கைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பல ஆல்டர்னேட்டர்களில் அவ்விளக்கின் வழியே செல்லும் சிறு மின்சாரமே மின்னாக்கத்தைத் தொடங்கி வைக்கிறது. பல்பு கருகிவிட்டால் ஆல்டர்னேட்டர் வேலை செய்யாமலே இருந்துவிடக்கூடும். பாட்டரி ஏறவில்லை என்று ஆல்டர்னேட்டரைக் கழற்றுமுன் அந்தப் பல்பைப் பாருங்கள்.

டீசல் இஞ்சின் ஒருமுறை எழும்பிவிட்டால், டீசல் வரும்வரை ஓடும். சில இஞ்சின்களில் டீசல் வழியைத் திறந்து வைப்பதற்கே மின்சாரம் தேவை. அத்தகைய இஞ்சினில் சாவியின் முனை ஒரு கணம் விலகினாலும் ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சின் நின்றுவிடும். உங்கள் படகு எவ்வகை என்பதைக் கரையிலேயே அறிந்து வைத்திருங்கள். மேலும், இஞ்சின் ஓடும்போது பாட்டரியின் மெயின் சுவிட்சை மூடலாகாது. ஆல்டர்னேட்டரின் உள்ளுறுப்புகள் அதனால் கெடும்.

உழவர்களுக்கு ஒரு சொல்

டிராக்டரில் உப்புக்குப் பதில் புழுதியும் மழையும் இவ்வேலையைச் செய்கின்றன. அளக்கும் முறையும் மாற்றும் முறையும் ஒன்றே. ஆனால் ஓர் அபாயத்தைத் தனியே எடுத்துரைக்க வேண்டும். பல டிராக்டர்களில் கிளட்சை மிதித்தால்தான், அல்லது கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ப் சுழலும்படி ஒரு பாதுகாப்புச் சுவிட்சு உண்டு. சாவியோ அச்சுவிட்சோ கெட்டதும், கீழே நின்றுகொண்டு செல்பின் இரு முனைகளையும் ஸ்குரூடிரைவரால் இணைத்து வண்டியை எழுப்பும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கியர் விழுந்திருப்பதை மறந்து அப்படிச் செய்தால், எழும்பிய கணமே டிராக்டர் நகர்ந்து, சக்கரத்தின் முன் நிற்பவர்மீது ஏறிவிடும். ஒரு சுவிட்சின் விலையை மிச்சப்படுத்தும்பொருட்டு இவ்வளவு பெரிய விலையைக் கொடுக்கலாமா? பாதுகாப்புச் சுவிட்சு கெட்டால் அதனை மாற்றுங்கள். ஒருபோதும் ஒயரால் இணைத்து விலக்கிவிடாதீர்கள்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வலை கட்டுதலும், படகுக்கு வண்ணம் பூசுதலும், இஞ்சின் பழுது பார்த்தலும் அந்நாட்களில்தான் நடைபெறுகின்றன. அவ்வேலைகளின் பட்டியலில் இஞ்சின் பலகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு படகுக்கு அரை நாள் போதும்.

கடலோர ஊராட்சி உறுப்பினர்கள் தடைக்காலத்தின் முதல் வாரத்தில் ஒருநாள் செய்முறைப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாம். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியரையோ, தேர்ந்த மெக்கானிக்கையோ அழைத்து, ஒரு பழைய படகின் பலகையையே பாடமாக வைக்கலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் பொதுவாக ஒரு மல்டிமீட்டரும் லக்கு நசுக்கும் குறடும் வாங்கி வைத்தால், ஊர் முழுவதற்கும் பயன்படும். ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு மேற்பயிற்சி பெறவும் வாய்ப்பு உண்டு. 1963-ஆம் ஆண்டில் கொச்சியில் தொடங்கப்பெற்ற, சிப்நெட் என்று சுருக்கமாக அழைக்கப்பெறும் மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனம், மீன்பிடிக் கலங்களின் இஞ்சின் இயக்கத்தில் பயிற்சி அளித்து வருகிறது. அதன் கிளை ஒன்று சென்னையிலும் இருக்கிறது.

ஒவ்வொரு படகிலும், நீர் புகாத டப்பா ஒன்றில் சோதித்துப் பார்த்த சாவிச் சுவிட்சு ஒன்று, சில பியூஸ்கள், இரண்டு மீட்டர் ஒயர், பலகையின் படம் ஆகியவை இருக்க வேண்டும். கடலில் ஆபத்து நேர்ந்தால் இந்தியக் கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண்ணை அழைக்கலாம் என்பதைப் பலகையின் மேலேயே எழுதி வைப்பது நன்று.

நாம் முன்பு குறிப்பிட்ட படகின் உரிமையாளர், இப்பொழுது தடைக்காலம் தொடங்கியதும் முதல் வேலையாகப் பலகையைத் திறந்து பார்க்கிறார். கழற்றிய பழைய சுவிட்சை எறிந்துவிடாமல் சுக்கான் அறையில் ஓர் ஆணியில் மாட்டியிருக்கிறார். அண்மையில் அங்கு சென்றபோது, ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். “புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு, ஐயா. இது ஐந்து பேரை ஓர் இரவு முழுதும் கடலில் நிறுத்தி வைத்தது என்று சொல்வேன்” என்றார். உங்கள் ஊரில் அத்தகைய சுவிட்சு எந்தப் பலகையின் பின்னே இருக்கிறது என்பதை, கடல் காட்டிக்கொடுக்கும் முன் நீங்களே கண்டுபிடித்துவிடுங்கள்.